2017 பிஎம்டபிள்யூ 320டி, 71,000 கி.மீ. ஓடியது: வாங்கலாமா?

கேள்வி: நாமக்கல் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு லாரித் தொழில். வீட்டு வாசலில் எப்போதும் ஒரு லாரியாவது நிற்கும். நாசில், பம்ப், கிளட்ச் என்ற பேச்சுக்களைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். ஆனால் இப்போது வாங்க நினைப்பது லாரிப் பட்டறை அறிவு மட்டும் போதாத வண்டி. அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

மனதில் இருப்பது பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், எஃப்30 தலைமுறை, 320டி. மைத்துனரின் நண்பர் ஒருவர் தன் வண்டியைக் கொல்லிமலை ஏற்றத்தில் என்னிடம் ஓட்டக் கொடுத்தார். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ வண்டிகளில் ஏறி இறங்கிய மலை அது. முன்சக்கர இழுவை உள்ள வண்டிகளில் இறுக்கமான வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மூக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். இதில் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. முன்சக்கரங்களுக்குத் திரும்பும் வேலை மட்டும்தான். அந்த வித்தியாசம் உள்ளங்கையிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து வேறு வண்டியின் மேல் மனம் போகவில்லை.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. முதலாவது சென்னைப் பதிவு, 2017, லக்ஷரி லைன், முதல் உரிமையாளர், 71,000 கி.மீ., கேட்கும் விலை 17.75 லட்சம். 52,000 கி.மீ. வரை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சர்வீஸ் செய்த ரசீதுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு வெளிப் பட்டறை. சில ரசீதுகள் உண்டு, சில இல்லை. இரண்டாவது டெல்லிப் பதிவு, 2015, 58,000 கி.மீ., 12.50 லட்சம். ஈரோட்டில் ஒரு தரகர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். வண்டி கண்ணாடி போலப் பளபளக்கிறது.

வண்டிக்கு 18 லட்சம், பிறகு வரும் வேலைகளுக்குத் தனியாக 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். இந்தப் பணத்துக்குப் புது எஸ்யூவியே வாங்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வான வண்டியில் ஏறி இறங்குவது சிரமம் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒன்றிரண்டு முறை சென்னை, அவ்வப்போது மலை, மற்றபடி நாமக்கல், சேலம். இவ்வளவுதான் ஓட்டம்.

இந்த வண்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எதைக் கண்டால் எழுந்து வந்துவிட வேண்டும்?

பதில்: சிங்காநல்லூர் பட்டறை

வணக்கம் தம்பி. நான் கோவையில் ஜெர்மன் வண்டிகளுக்கு மட்டும் பட்டறை நடத்துகிறேன். நீங்கள் கேட்ட வண்டி வாரம் தவறாமல் என் லிஃப்டில் ஏறுகிற வண்டி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினில் இருந்து தொடங்கலாம். எஃப்30 இந்தியாவுக்கு 2012-ல் வந்தபோது 320டியில் இருந்தது என்47 இன்ஜின், 184 குதிரைத்திறன். 2016 தொடக்கத்தில் முகப்பு மாறி வந்த வண்டியில் இருப்பது பி47, 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவிசை. வெளியே பார்க்கப் பெரிய மாற்றம் தெரியாது. எங்களுக்கு அவை இரண்டும் வேறு வேறு வண்டிகள். என்47-ல் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழித்தடம் தேய்ந்து செயின் தளர்ந்தால், அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; பல சமயம் இன்ஜினையே இறக்குகிறோம். அறுந்துவிட்டால் பிஸ்டனும் வால்வும் மோதிவிடும், அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. இந்தக் கோளாறு அதிகம் வந்தது 2011-க்கு முந்தைய என்47-களில். எஃப்30-ல் வந்தவை திருத்தப்பட்டவைதான், ஆனாலும் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. பி47-லும் செயின் பின்பக்கம்தான் இருக்கிறது. அந்த அளவுக்குத் தொல்லை கொடுப்பதில்லை.

ஆகையால் வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்தை உங்கள் காதில் படாமல் செய்ய யாரோ முன்கூட்டியே ஓட வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது ஒரு நண்பரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, நீங்கள் முன்கண்ணாடிக்குக் கீழே, இன்ஜினின் பின்கோடியில் காதை வையுங்கள். டீசல் தட்டும் சத்தம் எல்லா டீசலிலும் இருக்கும், அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு அடியில் சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போன்ற ஒரு உரசல், 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் கூடிக் குறைகிறதா என்று கேளுங்கள். லாரிக்காரர் வீட்டுக் காது, தவறவிடாது.

அடுத்து எண்ணெய். இந்த வண்டியின் கணினி, எண்ணெய்க்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று தானே கணக்கிட்டுத் திரையில் காட்டும். ஐரோப்பாவில் 30,000 கி.மீ. வரைகூட ஒரே எண்ணெயில் ஓட்டுகிறார்கள். நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அது ஒத்துவராது. 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றியிருக்க வேண்டும், அதுவும் பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-04 தரம் உள்ள எண்ணெயால். ரசீதுகளை வாங்கி, தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். 52,000-க்கும் 71,000-க்கும் இடையில் எத்தனை முறை மாற்றினார்கள் என்பதுதான் அந்த வண்டியின் விலையைத் தீர்மானிக்க வேண்டும். பெயின்ட் பளபளப்பு அல்ல.

கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகத் தானியங்கி. நான் பார்த்த தானியங்கிகளில் இதைவிட நம்பகமான ஒன்று இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் அதன் எண்ணெய் ஆயுள் முழுதுக்கும் போதும் என்று ஷோரூமில் சொல்லி அனுப்புகிறார்கள். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைக் கேட்கிறவன். 2017 வண்டிக்கு வயதுக் கணக்கில் வேளை வந்துவிட்டது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியிலேயே வடிகட்டி சேர்ந்திருக்கும்; இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். புது எண்ணெயின் அளவை இன்ஜின் ஓடும்போது, எண்ணெயின் வெப்பம் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும். அதற்கு வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் தேவை. கையில் ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நிதானமாக இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு என்று மாறும்போது உதறல் இருக்கக்கூடாது. நிறுத்தும் நேரத்தில் கடைசி இரண்டு கியர் இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்றை மறக்காதீர்கள்: ஈஜிஆர் கூலர். புகையைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். அதில் கசிவு ஏற்பட்டு, குளிர்விப்பான் திரவமும் கரியும் சேர்ந்து படிந்தால் சூட்டில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. 2018-ல் தென் கொரியாவில் இதனால் பல வண்டிகள் எரிந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், ஐரோப்பாவிலும் அழைத்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, சேஸிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கொடுத்து, இந்த வண்டிக்குத் திருத்த வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்பது. பாக்கி இருந்தால் இலவசமாகச் செய்து தருவார்கள். குளிர்விப்பான் தொட்டியில் அளவு குறைந்திருந்தால், ஏன் குறைந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடிப்பக்கம் பார்க்க லிஃப்டில் ஏற்றியே ஆக வேண்டும். முன்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களில் புஷ் என்ற இரப்பர் பாகங்கள் இருக்கும்; நம் வேகத்தடைகள் அவற்றைச் சீக்கிரம் கிழித்துவிடும். கிழிந்திருந்தால் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் நடுங்கும். இது பயப்படுகிற செலவில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். வண்டி இடித்திருக்கிறதா என்பதற்கு பெயின்ட் கனம் அளக்கும் கருவி போதும். கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரே கதவில் திடீரென்று 300, 400 என்று காட்டினால் உள்ளே பட்டி இருக்கிறது.

கிலோமீட்டர் குறைக்கப்பட்டதா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இந்த வண்டி ஓடிய தூரத்தை மீட்டரில் மட்டும் எழுதி வைப்பதில்லை, வேறு கணினிப் பெட்டிகளிலும் சாவியிலும் அது பதிவாகும். மீட்டரைத் திருத்துகிறவர் எல்லாவற்றையும் திருத்துவது அரிது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் எல்லா எண்ணையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டெல்லி வண்டியில் இதைச் செய்யாமல் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

பதில்: மதுரையிலிருந்து ஒரு 320டி

நான் இதே பி47 வண்டியை வைத்திருக்கிறேன், நானும் ஒருவரிடமிருந்து வாங்கியவன்தான். பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் இயந்திரத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. கூடவே வாழ்வது எப்படி என்று சொல்கிறேன்.

நெடுஞ்சாலையில் இதற்கு நிகர் கிடையாது. மதுரையிலிருந்து திருச்சி வழியாகச் சென்னை போனால், நூறில் வைத்து ஓட்டும்போது லிட்டருக்கு 18-க்குக் குறைவதில்லை. எட்டாவது கியரில் இன்ஜின் பேசவே பேசாது. இறங்கும்போது முதுகில் வலி இல்லை, காதில் இரைச்சல் இல்லை. இதை அனுபவித்தவன் எஸ்யூவிக்குத் திரும்ப மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சங்கடம் எல்லாம் ஊருக்குள்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாக வேகத்தடை போட்டிருக்கிறார்கள், நடுவயிறு உரசும். நான்கு பேரும் பெட்டியும் இருந்தால் கோணலாக ஏற்றி இறக்குவேன். பின் இருக்கையின் நடுவில் தரை மேடாக எழும்பியிருக்கும், பின்சக்கரத்துக்குச் சுழல் தண்டு போகிற பாதை அது. அதனால் அங்கே பெரியவர் உட்கார முடியாது. இது உண்மையில் நான்கு பேர் வண்டி. உங்கள் அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, இருக்கையை உயர்த்தி, ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

டயர் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனியில் வருவது ரன்ஃப்ளாட் டயர். காற்று இறங்கினாலும் பக்கச் சுவர் தாங்கும், மெதுவாக 80 கி.மீ. தூரம் வரை போய்ச் சேரலாம். விலை அதிகம், பள்ளத்தில் விழுந்தால் பக்கச்சுவர் வீங்கும், ஓட்டத்திலும் கொஞ்சம் முரடு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று சிறு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. இரப்பர் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் ஆறு, ஏழு வயதைக் கடந்த டயரில் நான் மலை ஏற மாட்டேன். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லா வண்டியிலும் இருக்காது.

அப்புறம் பேட்டரி. பானெட்டுக்குள் தேடாதீர்கள், டிக்கியின் வலப்பக்கம் இருக்கும். அதை மாற்றினால் கணினியில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது போலவே புதியதற்கும் ஏற்றிச் சீக்கிரம் கெடுத்துவிடும். மாற்றிய ரசீதில் பதிவு செய்ததாக ஒரு வரி இருந்தால், அந்த உரிமையாளர் விவரம் தெரிந்தவரிடம் வேலை கொடுத்திருக்கிறார் என்று நம்பலாம்.

எண்ணெய், வடிகட்டிகள், பிரேக், புஷ் என்று பார்த்தால் எனக்கு ஆண்டுக்குச் சராசரியாக 60,000 ரூபாய் ஆகிறது, டயர் தனி. நீங்கள் ஒதுக்கிய 3 லட்சம் சரியான தொகை. அதை வண்டி விலையில் போட்டுவிடாதீர்கள்.

பதில்: போரூர் வாசகர்

நான் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாகனப் பதிவு தொடர்பான வேலையில் இருப்பவன்.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வயது நெருங்கும் டீசல்களை அங்கே வைத்திருப்பவர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வண்டி மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் இங்கே கொண்டுவந்தால் செலவு முடிவதில்லை. அந்த ஆர்டிஓவின் தடையின்மைச் சான்று படிவம் 28-ல் வேண்டும். 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு கட்டாயம். ஆயுள்வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும், வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடுவார்கள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள்வரி உயர்ந்தபோது, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 20 சதவீதம் ஆனது. நீங்கள் சொல்வது புதிதாக 35 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி. வயதுக்குக் கழிவு போனாலும் தொகை லட்சங்களில் வரும். டெல்லியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அது வருவதற்குப் பொறுமை வேண்டும். இவ்வளவும் போட்டுக் கூட்டினால் 12.50 லட்சம் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். தரகர் சொல்லும் விலையில் இதெல்லாம் சேர்ந்திருக்காது. அது 2015 வண்டி என்பதால் இன்ஜினும் பழைய என்47-ஆகத்தான் இருக்கும் போலிருக்கிறது, பட்டறை அண்ணன் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

சென்னை வண்டிக்கு வருவோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வண்டிகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 வண்டி அந்த மழையைப் பார்த்த வண்டி. அப்போது எந்தத் தெருவில் நின்றது என்று நேராகக் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கிளெய்ம் வரலாறு கேட்டு வாங்குங்கள். வண்டியில், எல்லா சீட் பெல்ட்களையும் முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் கடைசி ஒரு முழத்தில் மண் நிறக் கோடு இருக்கும். யாரும் அங்கே கழுவுவதில்லை. இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, டிக்கியில் பேட்டரி இருக்கும் குழியில் வண்டல், மிதியடிக்கு அடியில் பழைய ஈர வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பேசக் கூடாது, வேறு வண்டி பார்க்க வேண்டும். மின்னணுப் பெட்டிகள் இத்தனை உள்ள வண்டியில் ஈரம் மூன்று வருடம் கழித்தும் வேலையைக் காட்டும்.

பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு, கடன் நிலுவை, கட்டாத அபராதம், கறுப்புப் பட்டியல் எல்லாம் பாருங்கள். ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸைப் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கிளெய்ம் கேட்காததற்காக விற்றவருக்குக் கிடைத்த போனஸ் தள்ளுபடி அவருடையது, வண்டியோடு வராது; அதனால் இன்சூரன்ஸ் தொகை அவர் கட்டியதைவிடக் கூடும். பழைய ஃபாஸ்டேகை அவரையே மூடச் சொல்லுங்கள்.

பதில்: ஏ4 வைத்திருப்பவர், திருப்பூர்

எல்லோரும் 3 சீரிஸ் பக்கமே நிற்பதால் ஒரு வார்த்தை. முழங்கால் வலி உள்ள அம்மாவும் சாமான்களும் அடிக்கடி கூட வருவார்கள் என்றால் ஆடி ஏ4 பாருங்கள். 2016 செப்டம்பரில் வந்த புதுத் தலைமுறை. முதலில் 1.4 லிட்டர் பெட்ரோல், 150 குதிரைத்திறன். 2017-ல் 190 குதிரைத்திறன் டீசல் வந்தது. உள்ளே வேலைப்பாடு, அமைதி, பின் இருக்கை வசதி எல்லாவற்றிலும் எஃப்30-ஐ விட ஒரு படி மேல் என்பது என் கருத்து. முன்சக்கர இழுவைதான், வளைவில் நீங்கள் சொல்கிற அந்தச் சுகம் இதில் கிடைக்காது, மறைக்க மாட்டேன். மெர்சிடிஸ் சி கிளாஸும் சொகுசுதான், ஆனால் கொல்லிமலை ஆசைக்கு அது மருந்தில்லை. உங்கள் ஓட்டத்தில் மலை எவ்வளவு, குடும்பத்தோடு சென்னை எவ்வளவு என்று நிதானமாகக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.

நாமக்கல் ஓட்டுநர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டெல்லி வண்டியை விட்டுவிட்டேன். எல்லாக் கிலோமீட்டர் எண்களையும் ஸ்கேனரில் எடுக்கலாமா என்று கேட்டதும் தரகர் பேச்சை மாற்றினார், அதுவே போதும். ஏ4 ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். திருப்பூர் அண்ணன் சொன்ன அமைதி உண்மை. ஆனால் நான் வாங்குவது ஓட்டுவதற்காக, அதனால் என் முடிவு மாறவில்லை.

அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான் சென்னை வண்டியைப் பார்க்கப் போனேன். முன் இருக்கையை உயர்த்திப் போட்டதும், முதலில் உட்கார்ந்துவிட்டுக் கால்களை உள்ளே திருப்பினால் சிரமமில்லை என்றார்.

பானெட் குளிர்ந்திருந்தது. செயின் சத்தம் இல்லை. ஸ்கேனரில் எல்லா எண்ணும் 71,000-த்தை ஒட்டியே நின்றன. வெளிப் பட்டறைக் காலத்தில் எண்ணெய் மாற்றிய ரசீது இரண்டு: 60,400, 69,800. பெல்ட்கள் சுத்தம், மழையின்போது வண்டி அண்ணாநகரில் மாடி நிறுத்தத்தில் நின்றது என்றார், இன்சூரன்ஸிலும் கிளெய்ம் இல்லை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டதில் திருத்த வேலை எதுவும் பாக்கி இல்லை. பின்பக்க இடக் கதவில் மட்டும் 280 மைக்ரான். நிறுத்துமிடத்தில் உரசியது என்று அவரே சொன்னார், கதவின் உள்விளிம்பும் தூணும் நேராகவே இருக்கின்றன.

குறை என்று பார்த்தால், நான்கு டயரும் 2018 தயாரிப்பு. வலது முன் புஷ் கிழிந்திருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியதே இல்லை. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: குளிர்விப்பான் தொட்டியில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஊற்றுவது சகஜம் என்கிறார். பெரிய மனிதர், பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. விலை 16.60 வரை இறங்கியிருக்கிறார். பட்டறை அண்ணன், என்ன செய்யட்டும்?

சிங்காநல்லூர் பட்டறை

அவர் பொய் சொல்லாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மூடிய அமைப்பு அது, ஊற்றுவது சகஜமில்லை. எங்கேயோ போகிறது. எங்கே என்று பார்ப்பது சுலபம்: தொட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் கைபம்ப் பொருத்தி ஒன்றரை பார் அழுத்தம் ஏற்றி வைக்க வேண்டும். அரை மணி நேரம் பம்பின் அழுத்தமானி முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் விளக்கைப் பிடித்துக்கொண்டு தெர்மோஸ்டாட் உறை, தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் ஓரம், குழாய் இணைப்புகள் என்று தேட வேண்டும். வெளியே ஈரம் எங்கும் இல்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் ஈஜிஆர் கூலருக்குள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது அவர் செலவில் மாற்றிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். முன்பணத் தாளில் இந்த நிபந்தனையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

16.60 நியாயமான விலை. இந்த ரசீதுகளோடு கிடைத்தால் நான் என் தம்பிக்கே வாங்கிக் கொடுப்பேன்.

நாமக்கல் ஓட்டுநர்

சோதனை முடிந்தது. கால் மணி நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. தெர்மோஸ்டாட் உறையின் இணைப்பில் வெள்ளைப் படிவும் ஈரமும் இருந்தன. அவர் செலவிலேயே உறையை மாற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம், முள் அசையவில்லை. இரண்டு ரசீதுகளும் என்னிடம் இருக்கின்றன. 16.60-க்கு முடித்து, படிவம் 29, 30 கொடுத்தாகிவிட்டது. இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. டயரை ரன்ஃப்ளாட்டாகவே போடட்டுமா, சாதா டயருக்கு மாறட்டுமா? வண்டியில் ஸ்டெப்னி இல்லை.

மதுரையிலிருந்து ஒரு 320டி

வாழ்த்துகள்! இரவில் நெடுஞ்சாலை ஓட்டமும் மலையும் இருக்கிறது, ஸ்டெப்னியும் இல்லை. அதனால் நான் ரன்ஃப்ளாட்டே போடுவேன். சாதா டயர் போட்டால் ஓட்டம் மிருதுவாகும், செலவும் குறையும், ஆனால் பஞ்சர் போடும் பெட்டியும் காற்றடிக்கும் மோட்டாரும் டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டும். பக்கச் சுவர் கிழிந்தால் அதுவும் உதவாது. எதைப் போட்டாலும் நான்கையும் ஒரே வகையாகப் போடுங்கள், ரன்ஃப்ளாட்டையும் சாதாவையும் கலக்க வேண்டாம். புஷ்ஷை மாற்றிய பிறகு டயர் போட்டு அலைன்மென்ட் பாருங்கள். முறை மாறினால் புது டயரின் உள்விளிம்பு ஒரே வருடத்தில் தேய்ந்துவிடும்.